நான்காம் எண் பாதை

ஹெரான் க்ளென்னில் நாரை கிடையாது.
விற்பனைப் பலகையில் மட்டும் ஒன்று
ஒற்றைக் காலில் நிற்கிறது, பத்தொன்பது வருடமாக.

மழைநீர் தேங்கத் தோண்டிய குட்டைக்கு ஏரி என்று பெயர்.
தோண்டிய மண்ணைக் குவித்ததில் ஒரு குன்று.
வின்னிபெக் பனியில் பிள்ளைகள் அதில் சறுக்குகிறார்கள்.
அடியில் உடைந்த சிமெண்ட் குழாய்கள் கிடப்பது
எனக்கும் ரோடெலுக்கும் தெரியும்.

பாதைகள் ஏழு. ஆளுக்கொரு நிறம்.
முந்நூறு மீட்டருக்கு ஒரு பெஞ்சு,
பெஞ்சுக்கு ஒரு குப்பைத்தொட்டி,
தொட்டிக்கு ஒரு சாவி,
சாவியெல்லாம் என் இடுப்பில்.
நான் வருவது நாய்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மே மாதம், கடைசிப் பனியும் உருகிய வாரம்,
நான்காம் பாதையில் கணுக்கால் தண்ணீர்.
குழாய் அடைப்பு என்று கம்பியோடு போனேன்.
அடைப்புதான்.
ஆனால் அடைத்தது என்னைவிடத் தேர்ந்த கை:
சேறு, வில்லோக் கிளை, ஹாக்கி மட்டையில் பாதி,
'நாயைக் கட்டி அழைத்து வரவும்' பலகை,
எல்லாம் அதனதன் இடத்தில், ஈரம் கசியாமல்.

பீவர் என்றான் ரோடெல்.
பகலில் பிரித்தோம். இரவில் கட்டியது.
பிரித்தோம். கட்டியது.
எங்களுக்கு மணிக்கு இருபத்திரண்டு டாலர்;
அதற்குச் சம்பளம் கிடையாது,
அதனால் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது.

ஜூன் பத்தாம் தேதி சங்கக் கூட்டம்.
வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தோடு பெரோகி,
ஆறிப்போன காபி,
மைக்கைத் தட்டித் தட்டிப் பார்க்கும் டார்சி நாட்டியுக்.
பொறி வைக்க வேண்டும் என்றார்கள்.
பொறி வைத்தால் பேப்பரில் வரும் என்றார்கள்.
ஐந்து கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது,
என் கைக்கடிகாரம் நாலு புள்ளி ஆறு என்கிறது,
மீதிக்குச் சந்தா குறையுமா என்று கேட்டார்
தினமும் ஓடுகிற ஒருவர். விளையாட்டுக்கு அல்ல.

பிறகு படம் போட்டார்கள்:
கணுக்கால் உயரத்தில் பென்சில் சீவியது போல் ஒரு பிர்ச் மரம்.
அருகே பித்தளைத் தகடு:
'லியோ சிகர்ட்சனின் நினைவாக.'

அரங்கம் முழுக்க ஆட்னியைத் திரும்பிப் பார்த்தது.
அவள் வாயிலிருந்ததை மென்று முடித்தாள்.
"லியோ முப்பத்தொரு வருஷம்
வடக்கே அணைக்கட்டில் வேலை பார்த்தவன்.
ரிட்டையர் ஆன பிறகு
கராஜில் உள்ள ஆணிகளை அளவு பார்த்துப் பிரித்தான்,
மறுபடி கலந்தான், பிரித்தான்.
இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது.
விட்டுவிடுங்கள்."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் மட்டும்
யாரோ இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு.
அணை நடுவே ஒரு குழாய் செருகச் சொன்னார்கள்,
தண்ணீர் சத்தமில்லாமல் வடிய;
சத்தம் கேட்டால்தானே அது அடைக்க வரும்.
இடுப்பளவு குளிரில் நின்று செருகினேன்.
அப்போது பார்த்தேன் அந்தத் தகட்டை.
பிர்ச் வேரடியில் நான் திருகிய அதே தகடு
சேற்றுக்குள், எழுத்து உள்பக்கம் பார்த்தபடி.
எடுத்துத் துடைத்தேன்.
திரும்ப அங்கேயே செருகினேன்.
இதை ரோடெலிடம்கூடச் சொல்லவில்லை.

ஆகஸ்டில் நாரை வந்திருப்பதாக மூன்று பேர் போன் செய்தார்கள்.
ஓடிப் போய்ப் பார்த்தேன்.
நாணலில் சிக்கிய சாம்பல் நிறப் பை.
தொட்டியில் போட்டுப் பூட்டினேன்.

நான்காம் பாதை இப்போது தண்ணீரில் முடிகிறது.
பலகையில் எண்ணை மாற்றச் சொன்னார்கள்,
4.6 என்று எழுதினேன், 6 கொஞ்சம் சாய்ந்துவிட்டது.
வரைபடத்தில் அங்கே பெஞ்சு கிடையாது.
ஆனாலும் யாரோ மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுவந்து போட்டார்கள்,
அடுத்த வாரம் இரண்டு,
பிறகு கடிகாரத்தைக் கழற்றாமலேயே அந்த ஓட்டக்காரர்.

அனுமதியில்லாத பொருட்களை அகற்றுவது என் வேலை.
இருட்டட்டும் என்று தள்ளிப்போடுகிறேன்.
இருட்டினால்
வாலால் தண்ணீரில் ஓர் அறை,
எங்கள் எல்லோருக்கும் சேர்த்து.